தொடு தூண்டல்

தவசி தன் வாழ்க்கையில் பேசிய முதல் சொல் என் பெயர். அதைச் சொன்ன அதே நொடியில் என் மூக்கெலும்பை உடைத்தான்.

கருத்தரங்கு அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த நிபுணர்கள் இரண்டு பேர், முதலாமாண்டு மாணவர்கள், கடைசி வரிசையில் தவசியின் அக்கா செல்வக்கனி. இருபத்து மூன்று வயது வரை ஒரு சொல்கூடப் பேசாதவன், மேடையில் போட்டிருந்த நாற்காலியிலிருந்து எழுந்து என்னைப் பார்த்து "இசக்கி" என்றான். தெளிவாகச் சொன்னான். உடனே கை வந்தது. முஷ்டி அல்ல, விரித்த உள்ளங்கை. அதன் பின்னால் எண்பது கிலோ உடம்பு இருந்தது.

முதலில் கைதட்டல்தான் எழுந்தது. பெயரைக் கேட்டுத் தட்டினார்கள். என் சட்டையில் இரத்தம் இறங்கி அடையாள அட்டையை நனைத்த பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். செல்வக்கனி மட்டும் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

"இது மோட்டார் உற்சாகம்," என்றார் பேராசிரியர் உமையொருபாகம், ஒலிவாங்கியை விடாமல். "பேச்சு வரும்போது கையும் காலும் சேர்ந்து வரும். சின்னக் குழந்தைகளிடம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்."

நான் தரையில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தவசி என் முன்னால் குந்தி உட்கார்ந்தான். என் கண்ணையே பார்த்தான். பதிலுக்குக் காத்திருந்தான். அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

அப்போது நான் பொருநை வளர்ச்சி ஆய்வு நிலையத்தில் எம்.எஸ்ஸி. வளர்ச்சி உளவியல் இரண்டாம் ஆண்டு. குழந்தை எப்போது தலை நிமிர்த்தும், எப்போது அந்நியரைப் பார்த்து அழும், எந்த வயதுக்குள் பேசாவிட்டால் கவலைப்பட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆட்டிசம், கவனக்குறைவு, மனவளர்ச்சிக் குறைபாடு, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று, இரண்டு மதிப்பெண் கேள்வி நான்கு. அந்த ஆண்டு செய்முறைத் தேர்வுக்குத்தான் தவசியைக் கொண்டு வந்தார்கள்.

செல்வக்கனியிடம் கையெழுத்து வாங்கியபோது நான் பக்கத்தில் கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பீடி சுற்றுகிறவள். விரல் நுனியெல்லாம் மஞ்சள். அப்பா அம்மா இல்லை.

"மூளைக்கு ரெண்டு வயசுல ஒரு ஈரம் இருக்கும்மா," என்றார் பேராசிரியர். "புதுசா போட்ட சிமென்டுத் தரை மாதிரி. எது பட்டாலும் பதியும். அப்புறம் காஞ்சு போயிரும். இந்த ஊசி அந்த ஈரத்தத் திரும்பக் கொண்டுவரும். இருபத்தொரு நாள். அவ்வளவு நாளும் எங்க பிள்ளைங்க ஆறு பேர் மாத்தி மாத்தி அவன்கூடப் பேசிக்கிட்டே இருப்பாங்க. பேச்சு பதியும்."

"இருபத்திரெண்டாம் நாளு?"

"காஞ்சிரும். பதிஞ்சது நிக்கும்."

"சரியாப் பதியலன்னா இன்னொரு ஊசி போடலாம்லா சார்?"

"ஒரு தடவைதான். ரெண்டாந்தடவை போட்டா செல் செத்துப் போயிரும். எலியில பாத்துட்டோம்."

"எலிக்கு என்னத்தப் பேசச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள் செல்வக்கனி. கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். பேராசிரியர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவள் மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என்னிடம், "அவன் அக்கான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும் தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள்.

ஆறு பேருக்கும் ஆளுக்கு நான்கு மணி நேரம். என்னுடையது மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை. எனக்கு முன்னால் பெனிட்டா, எனக்குப் பின்னால் சுடலை. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மின்விசிறி. கண்காணிப்புக் கேமரா கிடையாது. படம் எடுக்க நெறிமுறைக் குழு அனுமதி தரவில்லை. அதனால் எல்லாமே தாளில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு நான்கு கட்டம்: வாய்ச்சொல், கண் சந்திப்பு, தொடு தூண்டல், பதில். தவசியின் கண் நம் கண்ணைச் சந்திக்காவிட்டால் சொல்லும் உள்ளே போகாது என்பது பேராசிரியரின் கோட்பாடு. எனவே ஒரு ஷிப்டுக்குக் குறைந்தது முப்பது கண் சந்திப்பு. முப்பது இல்லாவிட்டால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்.

முதல் மூன்று நாளும் எனக்குக் கிடைத்தது பூஜ்யம். தவசி மின்விசிறியைப் பார்த்தான். தண்ணீர்ப் பாட்டிலில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்தான். நான் "தவசி, இது மேசை. மேசை. இது தண்ணி," என்று தொண்டை வற்றக் கத்தினேன். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான்.

தாளை நிரப்பாமல் விட முடியாது. அது எங்களுக்குப் புதிதல்ல. இளங்கலையிலிருந்தே ரெக்கார்டு நோட்டில் முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பரிசோதனை செய்து பழகியவர்கள். சுடலை தன் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கேண்டீனில் உட்கார்ந்து முழுத் தாளையும் நிரப்பிவிடுவான்.

"முப்பது போடாதல," என்றான் என்னிடம். "முப்பத்தொண்ணு போடு. முப்பதுன்னா சந்தேகப்படுவாரு."

நான் முப்பத்து மூன்று போட்டேன்.

நான்காம் நாள் மதியம் மூன்று மணி. பாட்டிலைத் தவசியின் கையிலிருந்து பிடுங்கினேன். என் மணிக்கட்டைக் கடித்தான். பல் எலும்பில் இறங்கியது. இழுத்தேன், விடவில்லை. இன்னொரு கையால் இடது கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன்.

வாயைத் திறந்தான். திரும்பினான். என்னைப் பார்த்தான்.

அதை எப்படிச் சொல்வது? அதுவரை அந்த முகத்தில் கண் என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். இப்போது அதற்குள் ஒருவன் வந்து நின்றான். என் வலது கண், இடது கண், வாய், மறுபடி கண். நான் நெஞ்சைத் தொட்டு "இசக்கி" என்றேன். அவன் உதடு அசைந்தது. ஊசி வேலை செய்கிறது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. மணிக்கட்டில் இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அரை மணி நேரம் மறுபடி மின்விசிறி. கூப்பிட்டேன், கை தட்டினேன், மேசையை உதைத்தேன். இல்லை. மெதுவாக, முன்பைவிட மெதுவாகத்தான், கன்னத்தில் ஒரு அறை. திரும்பினான். பார்த்தான்.

பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. என்னை என் அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். பள்ளியில் கணக்கு வாத்தியார் பின்மண்டையில் தட்டித்தான் கரும்பலகையைப் பார்க்க வைப்பார். இங்கே கவனம் என்பதே அப்படித்தான் வரும். எனக்கு வேண்டியது முப்பது. அன்று ஆறு மணிக்குள் இருபத்திரண்டு வந்தது. அந்தப் படிப்பில் நான் உண்மையாக நிரப்பிய முதல் தாள் அதுதான்.

அறைந்ததை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒரு குழப்பம் இருந்தது. கையேட்டைப் பார்த்தேன். "தொடு தூண்டல்: தோளைத் தட்டுதல், முகவாயைத் திருப்புதல் முதலியன" என்று இருந்தது. முதலியன என்பதில் போட்டேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு ஷிப்டுக்கு அறுபது ஆனது. சில அடி பலமாகவே விழுந்தது. உதடு கிழிந்தால் பஞ்சு வைத்துத் துடைத்தேன். ஈறில் இரத்தம் வந்தால் வாய் கொப்பளிக்க வைத்தேன். அவன் அழவில்லை. நான் கதவைத் திறந்ததுமே இடது கன்னத்தை என் பக்கம் திருப்பினான். பதினைந்தாம் நாள் அவனே என்னை அடித்தான். லேசாக. அடித்துவிட்டு நான் பார்க்கிறேனா என்று பார்த்தான். நான் "தவசி!" என்று சிரித்துக்கொண்டே திருப்பி அடித்தேன். அவன் மறுபடி. நான் மறுபடி. கால் மணி நேரம் அப்படியே போனது. வாழ்க்கையில் முதன்முறையாக அவன் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கால் மணி நேரத்தை நினைத்து அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு நாள் கழித்து ஈரம் காய்ந்தது. அதற்கடுத்த வாரம்தான் கருத்தரங்கு, என் மூக்கு.

தவசியை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்காவது நாள் செல்வக்கனியின் தாடை உடைந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மேல் பல்லையும் கீழ் பல்லையும் கம்பியால் கட்டியிருந்தார்கள். இடது காது கேட்காது என்றார்கள். கண்ணைச் சுற்றி முகம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. கட்டிய பல்லுக்கிடையில் பேசினாள்.

"பீடித் தட்டுல குனிஞ்சிருந்தேன். பின்னால வந்து அக்கான்னான் தம்பி. அக்கான்னு சொன்னான். சந்தோசத்துல திரும்புதேன், விழுந்துச்சு. வலியில கத்துனேன். நான் கத்தக் கத்த திரும்பத் திரும்ப அக்கா அக்காங்கான். ஒவ்வொரு அக்காவுக்கும் ஒரு அடி."

"கோவமா இருந்தானாக்கா?"

"இல்ல. சிரிச்சான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "பக்கத்து வீட்டுக்காரங்க கயித்தப் போட்டுக் கட்டுனாங்க. அவங்கள அவன் ஒண்ணும் செய்யல. நிமிந்துகூடப் பாக்கல. என்னத்தான் அடிச்சான். என் மேல என்ன தம்பி அவனுக்கு?"

பதில் எனக்குத் தெரியும். எழுந்து வார்டை விட்டு வெளியே வந்தேன்.

விசாரணைக் குழு போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் அம்மாள். குழு முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தவசி அடிப்பது பிறவிக் குணமா, அந்த இருபத்தொரு நாளில் கற்றுக்கொண்டதா? கற்றுக்கொண்டது என்றால் நிலையம் பொறுப்பேற்க வேண்டும். ஆள் போட்டு, வீட்டிலேயே வைத்து, அவனோடு வாழ அக்காவைப் பழக்க வேண்டும். பிறவி என்றால் மனநல ஆஸ்பத்திரியின் மூடிய பிரிவு. சாகும்வரை மயக்க ஊசி.

பேராசிரியரின் அறிக்கை தயாராக இருந்தது. "உள்ளே மறைந்திருந்த மூர்க்கம் மருந்தால் வெளிப்பட்டது." ஆதாரமாக எங்கள் தாள்கள். இருபத்தொரு நாள், ஆறு மாணவர்கள், தண்டனை என்று ஒரு வரிகூட இல்லை. வெறும் தொடு தூண்டல்.

விசாரணைக்கு முந்தின நாள் மற்ற ஐந்து பேரையும் கேண்டீனுக்குக் கூப்பிட்டேன். பின்பக்க மேசை. காலை பதினொரு மணி, கூட்டம் இல்லை.

"நான் அவன அடிச்சிருக்கேன்," என்றேன். "நாளைக்கு அதச் சொல்லப் போறேன்."

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. பெனிட்டா டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் வகுப்பில் முதலிடம். ஞாயிறுதோறும் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள்.

"எத்தன?" என்று கேட்டாள்.

"எது எத்தன?"

"ஒரு ஷிப்டுக்கு எத்தன அடிச்ச?"

"அறுபது."

"நான் நாப்பது," என்றாள். கிளாஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மூணாம் நாளே ஆரம்பிச்சுட்டேன். எனக்கு மட்டுந்தான் இப்படி அமைஞ்சிருக்குன்னு நெனச்சேன். அவன் எங்கிட்ட மட்டும் பாக்கான்னு."

மேசையைச் சுற்றிப் பார்த்தேன். ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொருத்தி அழுதாள். ஆறு பேரும். ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே வழியைக் கண்டுபிடித்து, ஒரே கட்டத்தில் எழுதியிருக்கிறோம். ஊசி போட்ட முதல் வாரத்திலிருந்தே தவசியிடம் யாருமே வேறு மொழியில் பேசவில்லை.

"கை வலிச்சுது," என்றான் சுடலை. "நான் ஸ்டீல் ஸ்கேல வச்சுக்கிட்டேன்."

அவன் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து சட்டையைப் பிடித்தேன். அவன் என் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். ஆறிக்கொண்டிருந்த மூக்கு மறுபடி உடைந்தது. மறுபடி மோதினான். "அறுபது அடிச்ச நீ நல்லவன், ஸ்கேல் வச்ச நான் கெட்டவனால? ஏம்ல, சொல்லு! நல்லவனால நீ?" டீ கிளாஸ் உடைந்து என் கன்னத்தில் குத்தியது. வாய் நிறைய இரத்தம். நான் அவன் விரலைக் கடித்தேன். கேண்டீன்காரர் வந்து இரண்டு பேரையும் விறகுக்கட்டையால் அடித்துப் பிரித்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு பெனிட்டா சொன்னாள்: "ஆறு பேரும் சொல்லுவோம். ஒண்ணாச் சொன்னா ஒருத்தர் மேலயும் பெருசா விழாது. அவனும் வீட்டுக்குப் போயிருவான்."

சுடலைகூடத் தலையாட்டினான், விரலைத் துணியில் சுற்றிக்கொண்டே.

மறுநாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். இசக்கிமுத்து என்று முதலில் என்னை. மற்ற ஐந்து பேரும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வக்கனி கம்பி கட்டிய வாயோடு எதிர்ப் பக்கம்.

நான் சொன்னேன். எத்தனை, எங்கே, எவ்வளவு பலமாக. அடிதான் அவனுக்குக் கூப்பிடுகிற சொல், அடித்தால்தான் நீ என்னைப் பார்க்கிறாய், நான் உன்னைப் பார்க்கிறேன் என்று அவன் படித்துவிட்டான் என்று சொன்னேன். தனக்குப் பிரியமானவர்களை மட்டும் அடிக்கிறான், கயிறு போட்டுக் கட்டியவர்களைத் தொடவில்லை, அதைக் கவனியுங்கள் என்றேன்.

செல்வக்கனி எழுந்தாள். அறையைக் குறுக்கே கடந்து வந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். முகத்துக்கு நேரே நின்று காறித் துப்பினாள். கம்பியில் மாட்டி எச்சில் அவள் தாடையிலேயே வழிந்தது. துடைக்காமல் போய் உட்கார்ந்தாள்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியை இறக்கினார். "உன் மேல கிரிமினல் கேஸ் வரும்னு தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அடுத்து."

பெனிட்டா எழுந்தாள். நெற்றியில் வியர்வை. கிரிமினல் கேஸ் என்ற வார்த்தை அந்த அறையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீயும் அடிச்சியாம்மா?"

பெனிட்டா என்னைப் பார்க்கவில்லை. செல்வக்கனியையும் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த தண்ணீர் ஜக்கைப் பார்த்தாள்.

"இல்ல மேடம்."

அவளுக்குப் பிறகு நான்கு பேர். நான்கு முறையும் அதே "இல்ல மேடம்."

பேராசிரியர் எழுந்து மிகவும் அமைதியாகப் பேசினார். "இந்த மாணவன் செய்தது குற்றம். நான் மறைக்கவில்லை. ஆனால் இவன் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் இருந்தான். மீதி நேரமெல்லாம் ஐந்து பேர் அன்பாகப் பேசியிருக்கிறார்கள். ஆறில் ஒரு பங்கு நேரத்தில் ஒரு மொழி உருவாகாது. எந்தக் குழந்தையும் வீட்டில் அதிகமாகக் கேட்பதைத்தான் பேசும். ஆறில் ஐந்து பங்கு அன்பைக் கேட்டவன் அடியைத் தேர்ந்தெடுத்தான் என்றால், அது அவனுக்குள் ஏற்கெனவே இருந்தது."

அவர் பொய் சொல்லவில்லை. கையில் இருந்த தாள்களை வைத்துச் சரியாகவே வாதாடினார். தேர்வில் அப்படி எழுதியிருந்தால் நானே முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

தவசி மூடிய பிரிவுக்குப் போனான். என்னை நிலையத்திலிருந்து நீக்கினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. பெனிட்டாவை வாசலில் பார்த்தேன். "எங்க அம்மா முகத்துல எப்படி முழிப்பேன் இசக்கி?" என்றாள். "அவனும் அப்படித்தான் ஒரு முகத்தத் தேடுவான்," என்றேன். அழுதாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணிக்கு போன் அடித்தது. செல்வக்கனி.

"மூணு வாட்டி போய்ப் பாத்துட்டேன். என் பக்கமே திரும்ப மாட்டேங்கான். நீ வா."

"நான் எதுக்குக்கா?"

"உன்னத்தான அவனுக்குத் தெரியும். நீதான செஞ்ச. வா."

போனேன். மூடிய பிரிவு என்பது நீளமான ஒரு கொட்டகை. சன்னலுக்குக் கம்பி வலை. பினாயில் நாற்றம். சாப்பாட்டு நேரம். காவலர்கள் நோயாளிகளை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் நகரவில்லை. ஒரு காவலர் முழங்காலில் உதைத்தார், விழுந்தார், தூக்கி நிறுத்தி மறுபடி உதைத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாசானம் என்கிற காவலர் எங்களிடம் வந்தார். பெரிய தோள், நல்ல மனிதர் மாதிரி முகம். "தவசிக்காம்மா? வாங்க வாங்க. நல்லா இருக்கான். வந்த புதுசுல போட்ட ஊசியோட சரி. இப்ப ஊசியே கிடையாது. டாக்டரே ஆச்சரியப்படுதாரு. எல்லார் கூடயும் ஒட்டிக்கிட்டான்."

தவசி வரிசையின் கடைசியில் நின்றான். மெலியவில்லை. முன்பல் ஒன்று இல்லை. மாசானம் போய்ப் பிடரியில் ஒன்று வைத்தார். "ஏலே, யாரு வந்திருக்கா பாரு."

தவசி சட்டென்று திரும்பினான். மாசானத்தின் கண்ணைப் பார்த்தான். முகம் முழுக்க மலர்ந்தது. "மாசானம்!" என்றான். அவர் தோளில் திருப்பி ஒன்று போட்டான். அவர் சிரித்துக்கொண்டே முதுகில் இன்னொன்று போட்டார். தவசி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், தெளிவாக, நல்ல உச்சரிப்போடு. "பாத்தீகளா? இப்ப நாப்பது வார்த்த பேசுதான். பூராவும் நாங்க சொல்லிக் குடுத்தது," என்றார் மாசானம். அவர் குரலில் பெருமை இருந்தது. எனக்கு அந்தப் பெருமை தெரியும்.

பெஞ்சில் உட்கார வைத்தார்கள். செல்வக்கனி பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் அவன் காது மடலில் மெல்ல ஊதினாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாளாம். ஊதினால் தலையைச் சாய்த்து அவள் தோளில் வைப்பானாம். பேச்சு இல்லாத இருபத்து மூன்று வருடமும் அவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. இதை எங்களிடம் அவள் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை.

ஊதினாள். தவசி சன்னல் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி ஊதினாள். அவன் விரலை எடுத்துத் தன் விரலோடு கோர்த்துப் பெருவிரலால் தேய்த்தாள். வாங்கி வந்த அல்வாவைப் பிரித்து வாயருகே கொண்டு போனாள். தின்றான். பார்க்கவில்லை. "தவசி. ஏய் தவசி. அக்கா வந்திருக்கேன்லா." அவள் பக்கமிருந்து வெறும் காற்று அடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்ன மறந்துட்டானா?" என்று மாசானத்திடம் கேட்டாள்.

"மறக்கல்லாம் இல்லம்மா. நீங்க கூப்பிட்டாத்தான திரும்புவான்."

"கூப்புட்டுக்கிட்டுத்தான இருக்கேன்!"

"இப்படிக் கூப்பிடணும்," என்று மாசானம் கையை ஓங்கினார். செல்வக்கனி எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வேண்டாம்."

பிடியை விட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அடிச்ச?"

"கன்னத்துல."

"எந்தப் பக்கம்?"

"இடது."

அல்வா ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தாள். தம்பியின் முன்னால் போய் நின்றாள். தட்டினாள். ஈ உட்கார்ந்த மாதிரி அவன் கன்னத்தைச் சொறிந்துகொண்டான்.

"பத்தாதுக்கா," என்றேன். "இன்னும் பலமா."

அடித்தாள். பாதியிலேயே கை தானாக நின்றுவிட்டது. அவன் கண்ணைச் சிமிட்டினான், அவ்வளவுதான். செல்வக்கனி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். அது அழுகை இல்லை, பாரம் தூக்குகிறவர்கள் போடுகிற சத்தம். மூன்றாவது முறை தோளிலிருந்து கையை வீசினாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் கேட்டது. அவன் உதட்டோரம் கிழிந்து ஒரு கோடு இறங்கியது.

தவசி திரும்பினான்.

அவள் வலது கண்ணைப் பார்த்தான். இடது கண். கோணலாகச் சேர்ந்திருந்த தாடை. மறுபடி கண். அவன் முகத்துக்குள் ஒருவன் மெல்ல வந்து நின்றான்.

"அக்கா," என்றான்.

கை மேலே எழுந்தது. எண்பது கிலோ உடம்பு பின்னால் சாய்ந்தது. நான் பாய்ந்தேன், மாசானம் தடியை உருவினார்.

"யாரும் கிட்ட வராதீங்க," என்றாள் செல்வக்கனி, முகத்தை நேராக வைத்துக்கொண்டு. "அவன் சொல்லி முடிக்கட்டும்."